ஆல்-இன்-ஒன்னா, டவரா? தடாவில் எது நிலைக்கும்?

கேள்வி: வீட்டின் முன்னறையில் ஆன்லைன் சேவைக் கடை தொடங்குபவருக்கு ஏற்றது ஆல்-இன்-ஒன் கணினியா, தனி கேபினெட்டுடன் வரும் டவர் கணினியா? அதே வீட்டில் பிள்ளைகளின் படிப்புக்கு எது பொருந்தும்?
– வாசகர், தடா, திருப்பதி மாவட்டம்

பதில்: கடைக்கு டவரே ஏற்றது. படிப்பறையில் இடம் குறைவு, வேலையும் பாடம், காணொளி, தட்டச்சு என்ற அளவில்தான் என்றால் ஆல்-இன்-ஒன் வாங்கலாம்.

ஆல்-இன்-ஒன்னில் மதர்போர்டு, புராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் மானிட்டரின் முதுகிலேயே அடங்கிவிடுகின்றன. ஸ்பீக்கரும், பெரும்பாலும் கேமராவும் மைக்கும் உடன் வருகின்றன. 1998-இல் ஆப்பிள் வெளியிட்ட ஐமேக் இந்த வடிவத்தைப் பரவலாக அறியச் செய்தது. குறுகிய இடத்தில் வெப்பம் தேங்கக் கூடாது என்பதால், இன்றைய விண்டோஸ் ஆல்-இன்-ஒன்களில் பெரும்பாலானவற்றில் லேப்டாப் புராசஸரும் லேப்டாப் ரேமுமே இருக்கின்றன. பலவற்றில் மின்சாரமும் லேப்டாப்பைப் போல வெளி அடாப்டர் வழியாகத்தான் வருகிறது.

டவரில் மானிட்டர் வேறு, கேபினெட் வேறு. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறை, போர்டின் திருகுத் துளைகள் முதல் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியின் இணைப்பு வரை எல்லாவற்றையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. அதனால் ஒரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ் இன்னொரு நிறுவனத்தின் போர்டுக்குப் பொருந்தும். கடையில் பாகம் பாகமாகக் கோக்கும் அசெம்பிள்டு சிஸ்டம் இந்த முறையில்தான் அமைகிறது. பெரிய நிறுவனங்களின் பிராண்டட் டவர்களில் சில, தங்களுக்கே உரிய வடிவில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் கொண்டவை. அவற்றுக்கு வெளிக்கடைப் பாகம் பொருந்தாது. வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

கேள்வி: பழுதானால் எதைச் சரிசெய்வது எளிது?

பதில்: தடா போன்ற ஊரில் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். சேவைக் கடையில் கணினி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நிற்கிறது.

டவரில் மானிட்டர் போனால் வேறு மானிட்டரை இணைத்து வேலையைத் தொடரலாம். எஸ்எம்பிஎஸ் எரிந்தால் அதை மட்டும் மாற்றலாம். ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் ஸ்க்ரூடிரைவரால் கழற்றி மாட்டக்கூடியவை. கணினி ஆன் ஆகியும் திரை வரவில்லை என்றால், முதலில் ரேமைக் கழற்றி அதன் பொன்னிறத் தொடுமுனைகளை ரப்பரால் துடைத்து மாட்டிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். பல நேரம் அதுவே போதும்.

ஆல்-இன்-ஒன்னில் திரை உடைந்தால் கணினியே முடங்கும். எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள மாடலாக இருந்தால், வேறொரு திரையை இணைத்துத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். போர்டு போனால் அதே மாடலுக்கான போர்டுதான் வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அது கிடைப்பது அரிது. அப்போது நல்ல நிலையில் இருக்கும் திரையும் பயனற்றுப் போகிறது. திரைக்கான உள்ளீடு கொண்ட ஆல்-இன்-ஒன்கள் சிலவே. மற்றவற்றைத் தனி மானிட்டராகப் பயன்படுத்த முடியாது.

தடாவின் இருப்பிடம் டவருக்குச் சாதகமானது. ஆரம்பாக்கத்தை அடுத்து ஆந்திர எல்லைக்குள் வரும் முதல் ரயில் நிலையம் தடா. சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை செல்லும் புறநகர் ரயில் இவ்வழியே ஓடுகிறது. கணினிப் பாகங்களுக்குப் பேர்பெற்ற ரிச்சி தெரு சென்னை அண்ணா சாலையை ஒட்டியே இருக்கிறது. கெட்டுப்போன எஸ்எம்பிஎஸ்ஸையோ ரேமையோ பையில் போட்டு எடுத்துச்சென்று, மாற்றுப் பாகத்துடன் அன்றே திரும்பலாம். ஆல்-இன்-ஒன்னைத் திரையோடு முழுதாகச் சுமக்க வேண்டும்.

வீட்டுக்கே ஆள் வந்து பழுதுபார்க்கும் ஆன்சைட் வாரன்டி இருந்தால் ஆல்-இன்-ஒன்னின் இந்தக் குறை பெருமளவு தீரும். அந்தச் சேவை தடாவின் பின்கோடுக்கு உண்டா என்று நிறுவனத்திடமே உறுதிசெய்ய வேண்டும். கடைக்காரரின் வாய்மொழி போதாது.

கேள்வி: மின்சாரச் செலவும் யுபிஎஸ் தேவையும் எப்படி?

பதில்: இதில் ஆல்-இன்-ஒன்னே முன்னிற்கிறது. சாதாரண வேலையில் அது திரையையும் சேர்த்து 30 முதல் 60 வாட் வரை எடுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத டவர் மானிட்டரோடு சேர்ந்து 60 முதல் 100 வாட் வரை எடுக்கும். 40 வாட் வேறுபாடு என்று கொண்டால், நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 300 நாளில் 96 யூனிட் கூடுகிறது. ஒரு கணினிக்கு இது தாங்கக்கூடிய செலவு.

இரண்டுக்கும் 600 விஏ யுபிஎஸ் போதும். மின்சாரம் போனதும் கோப்பைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது அவகாசம் தரும். ஆல்-இன்-ஒன்னுக்கு அந்த அவகாசம் சற்று நீளும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் இணைக்கக் கூடாது. அச்சிடும்போது அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. எர்த் இல்லாத பிளக்கில் எந்தக் கணினியையும் இயக்குவது ஆபத்து. இடி மின்னலின்போது மின் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்ற வேண்டும். செம்புக் கம்பி வழியாக வரும் மின்தாக்கு, யுபிஎஸ்ஸைத் தொடாமலே போர்டை எரித்துவிடும்.

கேள்வி: பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்று கணினியைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தடா அதன் கரையோரப் பகுதி. உப்பு கலந்த தூசு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அது உலோக முனைகளில் படிந்தால் துரு ஏறும். நாள்தோறும் இயங்கும் கணினியின் உள்வெப்பம் ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் மூடிவைத்த கணினிதான் சீக்கிரம் கெடுகிறது.

டவரின் பெரிய ஃபேன்கள் தூசை அதிகம் இழுக்கும், ஆனால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி புளோயரால் ஊதி எளிதில் சுத்தம் செய்யலாம். ஆல்-இன்-ஒன்னின் குறுகிய காற்றுவழி அடைத்துக்கொண்டால் கணினி சூடேறி வேகம் குறையும். பின்மூடியையோ திரையையோ கவனமாகக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடியும்.

டவரைத் தரையில் வைக்கும் பழக்கம் இங்கே கூடாது. வடகிழக்குப் பருவமழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகலாம். 2023 டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகே கரையைக் கடந்த மிக்ஜாம் புயலால், அதற்கு முன்பே சென்னை முதல் நெல்லூர் வரையிலான கரையோரத்தில் கனமழை கொட்டியது. கேபினெட் மேசைமீது இருக்க வேண்டும். தரைதான் வழி என்றால் ஓர் அடி உயர ஸ்டாண்டு வேண்டும்.

கேள்வி: இரண்டுக்கும் நடுவில் வேறு வழி உண்டா?

பதில்: மினி பிசி உண்டு. கையகலப் பெட்டியாக இருக்கும் அதை, வெசா துளைகள் உள்ள மானிட்டரின் பின்னால் திருகிவிடலாம். ஆல்-இன்-ஒன்னைப் போல இடம் மிச்சம். திரை தனி என்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும். படிப்பறைக்கு ஆல்-இன்-ஒன்னைவிட இதுவே நீடித்த முதலீடு. கேமரா, மைக், ஸ்பீக்கர் தனியாக வாங்க வேண்டும்.

அலுவலகங்கள் கழித்த பழைய டவர்களும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும் கணினியையே வாங்க வேண்டும்: இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த புராசஸர், டிபிஎம் 2.0 வசதி.

கேள்வி: வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில்: இன்றைய தேவைக்கு 8 ஜிபி ரேம் அடிமட்டம், 16 ஜிபி நிறைவு. எஸ்எஸ்டி கட்டாயம். ஆல்-இன்-ஒன் என்றால் ரேமைப் பின்னால் கூட்ட இடம் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். 2021 முதல் வரும் 24 அங்குல ஐமேக்கில் ரேமைக் கூட்டவே முடியாது.

சேவைக் கடையில் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி என்று ஐந்து யுஎஸ்பி இணைப்புகள் எப்போதும் தேவை. வாடிக்கையாளரின் பென்டிரைவுக்கு ஆறாவது. முன்பக்கமும் இணைப்பு உள்ள டவரில் இது எளிது. தமிழ், தெலுங்குத் தட்டச்சு இரண்டு வகைக் கணினியிலும் ஒன்றுபோலவே நடக்கும்.

அசெம்பிள்டு டவரில் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரன்டி தனித்தனி. பாகங்களின் பெயரும் சீரியல் எண்ணும் குறித்த ஜிஎஸ்டி பில் இல்லாமல் அந்த வாரன்டி கைக்கு வராது. கேபினெட்டின் அழகுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுப்பது மேல். தரம் குறைந்த எஸ்எம்பிஎஸ் எரியும்போது போர்டையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.