கண்ணாடியைக் கழற்ற ஒப்பரேசன்: எது யாருக்கு?



1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போய், காடு வெட்டிக் குடியேறியவர்களில் நம் சொந்தக்காரர் பலர் இருக்கிறார்கள். கிளிநொச்சிப் பக்கத்திலும் வவுனியாப் பக்கத்திலும் இன்றைக்கும் நமக்கு மாமனும் மச்சானும் பெரியம்மாவும் உண்டு. இளந்தாரிகளாய்ப் போனவர்களுக்கு இப்போது 65, 70 வயது. "கண்ணு மங்கலா இருக்கு. ஒப்பரேசன் செஞ்சா கண்ணாடியே தேவையில்லையாமே?" என்று அங்கேயும் கேட்கிறார்கள், இங்கே லயத்திலும் கேட்கிறார்கள். இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

கண் எப்படிப் பார்க்கிறது?

கண்ணின் முன்பக்கம், மணிக்கூட்டுக்கு மேலே இருக்கிற கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு படலம் இருக்கிறது. அதற்குப் பின்னால், உள்ளே, ஒரு சின்ன வில்லை. இவை இரண்டும் சேர்ந்துதான் வெளிச்சத்தைக் குவித்துப் பின்புறத் திரையில் விழச் செய்கின்றன.

கண் அளவுக்கு மேல் நீண்டிருந்தால் தூரத்தில் இருப்பது மங்கும். இது குறும்பார்வை. 40 வயது தாண்டினால் வில்லை இறுகிவிடும். ஊசியில் நூல் கோர்க்க முடியாது. இது வெள்ளெழுத்து. வயது இன்னும் ஏற, வில்லையே கலங்கி வெளிறிப் போவதுதான் புரை. கண்ணில் அடிபட்டாலோ ஷெல் துண்டு பட்டாலோ இளவயதிலும் புரை வரலாம்.

ஆகவே குறை எந்த இடத்தில் என்று தெரியாமல் "கண் ஒப்பரேசன்" என்று பொதுவாகப் பேசிப் பயனில்லை.

இளம்பிள்ளைகளுக்கு: லேசர்

லேசர் சிகிச்சையில் முன்படலத்தின் வளைவைக் கொஞ்சம் செதுக்கித் திருத்துகிறார்கள். 1929இல் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பை அங்கே கொண்டுபோய் எக்சைமர் என்ற லேசரால் வெட்டிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது. அதிலிருந்துதான் இந்தச் சிகிச்சை வளர்ந்தது. 1995இல் அமெரிக்க அரசு குறும்பார்வைக்கு இதை அனுமதித்தது.

இது எல்லோருக்கும் பொருந்தாது. 18 வயது முடிந்திருக்க வேணும். ஒரு வருசமாவது கண்ணாடியின் பவர் மாறாமல் இருக்க வேணும். படலம் மெல்லிசாக இருந்தால், கண் மிகவும் வறண்டிருந்தால், கர்ப்பமாக இருந்தால், பால் கொடுக்கிற தாயாக இருந்தால் செய்யமாட்டார்கள். பவர் மிகக் கூடியவர்களுக்குக் கண்ணுக்குள் கூடுதலாக ஒரு வில்லை வைக்கிற முறையும் இருக்கிறது. கொழும்பில் தனியார் இடங்களில் காசு கட்டித்தான் இவற்றைச் செய்கிறார்கள். லேசர் செய்தவருக்கும் 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வரும். கண்ணாடி போட்டு நன்றாகத் தெரிகிற பிள்ளைக்காக நகையை அடகு வைக்கத் தேவையில்லை. கண்ணாடி போடுவது வருத்தமல்ல.

மூத்தவர்களுக்கு: புரை எடுத்தல்

இது அப்படியல்ல. புரைக்குச் சொட்டு மருந்தோ பத்தியமோ கிடையாது. ஒப்பரேசன் ஒன்றுதான் வழி. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கை வில்லை வைப்பார்கள். 1949இல் இலண்டனில் ஹரல்ட் ரிட்லி என்ற வைத்தியர் முதலில் இதைச் செய்தார். யுத்த விமானம் உடைந்து பிளாஸ்ரிக் துண்டு கண்ணுக்குள் போன விமானிகளுக்கு, அந்தத் துண்டால் கண் கெடவில்லை என்று கண்டதால் வந்த யோசனை அது.

வெகுகாலம் அந்த வில்லை ஏழைக்கு எட்டாத விலை. மதுரையில் டொக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 கட்டிலுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் தானே வில்லை செய்யத் தொடங்கியது. அதன் பிறகு விலை பல மடங்கு இறங்கியது. வெங்கடசாமிக்கு மூட்டுவாதத்தால் விரல்கள் கோணியிருந்தன. அந்தக் கையோடுதான் அவர் ஆயிரமாயிரம் கண்களைத் திறந்தார்.

"முத்தட்டும்" என்று இருக்காதீர்கள்

பழைய காலத்தில் புரை முத்தின பிறகுதான் எடுத்தார்கள். இப்போது அப்படியில்லை. முத்தினால் வில்லை கல்லாகி ஒப்பரேசன் கஷ்டமாகும். சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகும். பட்டுப்போன நரம்பை எந்த வைத்தியராலும் திருப்ப முடியாது.

1990களில் வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வரவே பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. தள்ளிப்போட்டதற்கு அப்போது காரணம் இருந்தது. 2009இல் யுத்தம் முடிந்துவிட்டது. அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். தோட்டத்து வைத்தியசாலையிலோ கிட்டடி ஆஸ்பத்திரியிலோ துண்டு எழுதி வாங்கிக்கொண்டு கண் கிளினிக்குக்குப் போங்கள்.

போகும்போது உங்கள் வேலையைச் சொல்லுங்கள். சாதாரண வில்லைக்கு ஒரே பவர்தான். அதைப் பெரும்பாலும் தூரத்துக்கு அமைப்பார்கள். வாசிக்கக் கண்ணாடி வேணும். "நான் தையல் வேலை செய்கிறவள்" என்று முன்கூட்டியே சொன்னால் வைத்தியர் அதற்கேற்ப யோசிப்பார். கிட்டவும் தூரவும் தெரிகிற வில்லையும் உண்டு. அது விலை கூட; இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். சீனி வருத்தம், பிரசர் இருந்தால் மறைக்காதீர்கள்.

ஒப்பரேசனுக்குப் பிறகு

கண்ணை மட்டும் விறைக்க வைத்துத்தான் செய்வார்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். தந்த சொட்டு மருந்தைச் சொன்ன நாள்வரை விடுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீர், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதுவும் கண்ணில் படக்கூடாது. வைத்தியர் சொல்லும்வரை கொழுந்துக் கூடை, விறகுக்கட்டு தூக்கக்கூடாது. கண் சிவந்து நொந்தால், பார்வை குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்.

மாதங்கள் கழித்து மறுபடி மங்கினால் "புரை திரும்ப வந்திருச்சு" என்று பயப்படாதீர்கள். எடுத்த புரை திரும்ப வராது. வில்லைக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்கியிருக்கலாம். அதை லேசரால் சில நிமிடத்தில் சரிசெய்வார்கள்.

இன்றைக்கே செய்து பாருங்கள்

வீட்டு மூத்தவரைப் பத்தடி தள்ளி உட்கார வையுங்கள். ஒரு கண்ணைக் கையால் பொத்தச் சொல்லிக் கலண்டரின் பெரிய எழுத்தைக் கேளுங்கள். பிறகு மற்றக் கண். படிக்கத் தெரியாதவரிடம் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கலாம். கண்ணாடி போட்டும் ஒரு கண் மங்கலென்றால் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். வன்னியில் இருக்கிற பெரியம்மாவுக்கும் போன் எடுத்து இதைச் சொல்லுங்கள்.