தேன் நெல்லி யாருக்குக் கூடாது?

கொல்லையில் நெல்லி காய்த்துத் தள்ளுகிறதா? தேன் நெல்லி போட்டு வையுங்கள். காயை ஆவியில் வேகவைத்து, கொட்டை நீக்கி, ஈரம் சுண்ட வெயிலில் உலர்த்தி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்குமளவு தேன் ஊற்றுங்கள். ஈரக் கரண்டி பட்டால் பூசணம் பிடித்துவிடும், ஜாக்கிரதை! ஏற்காடு, ஏலகிரி என்று குடும்பத்தோடு கிளம்பும்போது ஒரு டப்பா கையோடு இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பச்சை நெல்லியே நல்லது.

தேனில் மருந்து குழைத்துக் கொடுக்கிற சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூட வேண்டாம். ‘சேனை வைக்கிறது நம்ம வழக்கமாச்சே, டாக்டர்!’ என்பீர்கள். தேனில் சில சமயம் இருக்கும் கிருமி வித்து, பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். கை கால் துவளும், மூச்சே முடங்கலாம். தேன் என்ன, கெட்டுப் போகிற பண்டமா? முதல் பிறந்தநாள்வரை பொறுங்களேன்.