"டக்" என்று மட்டும் சத்தம் வந்தால்...
பழைய மொறிஸ் மைனர் காரின் ஸ்டார்ட்டர் மோட்டர் இறுகினால் செய்யவேண்டியவை



இந்த இதழின் தொழிற்பாடம் பழைய கார் ஒன்றைப் பற்றியது. "நமக்கு எதுக்கு கார்ப் பாடம்?" என்று சிலர் கேட்கலாம். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் யாருடைய வண்டி இருக்கிறது என்றுதான் லயத்தில் முதலில் தேடுவோம். வில்கமுவ பக்கமிருந்து லக்கல, இலுக்கும்புர, ரிவர்ஸ்டன், ரத்தோட்ட வழியாக மாத்தளைக்கு வருவதென்றால் ஏற்றமும் இறக்கமும் வளைவும் மழையும்தான். அந்தப் பாதையில் நடுவழியில் வண்டி நின்றால் கராஜ் பாஸ் உடனே வந்து சேரமாட்டார். வண்டியில் இருப்பவருக்கே கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எந்த வண்டிகள்?

மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. நம் நாட்டில் அது இன்றும் ஓடுகிறது. 1990களில் இங்கிலாந்தில் ஓடும் மொறிஸ் மைனர்களுக்கு வேண்டிய தகரப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு அங்கே அனுப்பப்பட்டன. அந்த அளவுக்கு இந்த வண்டி நம்மவர்கள் கைக்குப் பழகியது.

1958இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட், 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட் ஆகியவை இரண்டு பேர் உட்காரும் சின்ன விளையாட்டுக் கார்கள். பணக்காரர் வீட்டுக் கார் என்று பார்த்தாலும், பொனட்டைத் திறந்தால் மொறிஸ் மைனரில் உள்ள அதே குடும்பத்து இன்ஜின்தான் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டரும் அதே லூக்காஸ் வகைதான். ஆகவே மைனரில் கற்றுக்கொள்ளும் வேலை அந்த வண்டிகளுக்கும் உதவும்.

ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது?

ஒரு நீளமான போல்ட்டையும் அதில் லேசாகச் சுழலும் நட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைச் சட்டென்று வேகமாகச் சுற்றினால் நட்டு உடனே கூடச் சுற்றாது. பின்தங்கி, மரை வழியே முன்னோக்கி நகரும். பஸ் திடீரென்று கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்வதும் இதே காரணத்தால்தான்.

இந்தப் பழைய ஸ்டார்ட்டரும் அப்படித்தான். மோட்டர் சுழன்றதும் அதன் தண்டில் உள்ள சின்னப் பல்லுச் சக்கரம், அதாவது பினியன், மரை வழியே நகர்ந்து பிளைவீலின் பற்களில் போய்ப் பிடிக்கிறது. இன்ஜின் சுற்றி ஸ்டார்ட் ஆனதும் பிளைவீல் அதைவிட வேகமாக ஓடி பினியனைப் பழைய இடத்துக்கே எறிந்துவிடுகிறது. இந்தப் பாகம் முழுவதையும் கராஜில் "பெண்டிக்ஸ்" என்பார்கள்.

புதிய வண்டிகளில் முதலில் சொலினோய்ட் பினியனைத் தள்ளிப் பற்களில் மாட்டும், பிறகுதான் மோட்டர் சுற்றும். பழையதில் அந்த வசதி இல்லை. மோட்டர் சுற்றிய வேகத்தை நம்பித்தான் பினியன் போகிறது. வேகம் குறைந்தாலோ பல் தேய்ந்திருந்தாலோ பினியன் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் இறுகிவிட்டது என்று சொல்வது இதைத்தான்.

முதலில் லைட்டைப் பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். இதற்கு ஒரு செக்கன் போதும்.

1. "டக்" என்று சத்தம் வந்து லைட் நன்றாக மங்கினால், மின்சாரம் மோட்டருக்குப் போகிறது, மோட்டர் சுற்றமுடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். பினியன் இறுகியிருக்கலாம், அல்லது பெட்டரி பலமில்லாமல் இருக்கலாம்.

2. லைட் பிரகாசமாகவே இருந்து மோட்டர் பேசாமல் கிடந்தால், மின்சாரம் மோட்டருக்குப் போகவில்லை. சுவிட்ச், சொலினோய்ட், வயர், மோட்டருக்குள் இருக்கும் கரித்துண்டு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

3. லைட் அடியோடு அணைந்தால் பெட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளைப் பூப்போலப் பூத்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, சுரண்டி, இறுக்கிப் பூட்டினால் பல வண்டிகள் அங்கேயே சரியாகிவிடும்.

4. மோட்டர் "வீர்ர்" என்று வெறுமனே சுழன்று இன்ஜின் சுற்றாவிட்டால் அது இறுகல் அல்ல. பினியன் அழுக்குப் பிடித்துத் தண்டிலேயே நின்றுவிட்டது.

வோல்ட் மீட்டர் இருந்தால் பெட்டரியையும் அளந்து பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஆன பெட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அது ஏறக்குறைய காலி.

முதலாவது வகையில் விடாமல் அழுத்திக்கொண்டிருப்பது பெரிய பிழை. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்தே 10 அம்பியருக்குக் குறைவாகத்தான் எடுக்கும். இறுகி நிற்கும் ஸ்டார்ட்டரோ சில நூறு அம்பியர் இழுக்கும். வயர் சூடாகும், பெட்டரி செத்துப்போகும். பிறகு இறுகலை எடுத்தாலும் ஸ்டார்ட் பண்ணப் பெட்டரியில் ஒன்றும் மிஞ்சாது.

இறுகிய ஸ்டார்ட்டரை விடுவிப்பது

முதலாவது முறை, வண்டியை ஆட்டுவது. இதைச் சமமான தரையில் மட்டும் செய்யுங்கள். சாவியை அணையுங்கள். கிளம்பும் பட்டன் தனியாக இருக்கும் வண்டி என்றால் அதைத் தொடாதீர்கள். நாலாவது கியரில் போடுங்கள். கிளச்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்துங்கள். ஒருவர் சீட்டில் இருந்து பிரேக்குக்கு மேல் காலைத் தயாராக வைத்திருக்க, இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று வண்டியைப் பின்னும் முன்னுமாக ஆட்டவேண்டும். சக்கரம் இன்ஜினை அசைக்கும், இன்ஜின் பிளைவீலை அசைக்கும், பினியன் "டிக்" என்று விடுபடும். அதற்குப் பிறகு நியூட்ரலில் போட்டு ஒரு முறை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது முறை, சரிவில் நிற்கும் வண்டிக்கு. நம் பாதைகளில் இதுதான் அதிகம் தேவைப்படும். முதலில் ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு நல்ல கல்லாக அண்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெட்டரியிலிருந்து வண்டியின் பொடியில் பூட்டியிருக்கும் வயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டர் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கத்தில், அதற்குக் கீழே இருக்கும். மோட்டரின் பின்முனையில் சின்னத் தகர மூடி ஒன்றைக் காணலாம். அதை எடுத்தால் தண்டின் சதுர முனை தெரியும். அதில் ஸ்பேனரை மாட்டி இரண்டு பக்கமும் மாறிமாறித் திருப்புங்கள். முதலில் கடினமாக இருந்து, பிறகு சட்டென்று லேசாகும். அப்போது பினியன் விடுபட்டுவிட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்துதான் செய்தவர்களே அந்தச் சதுர முனையை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்று காரிலேயே எப்போதும் இருக்கட்டும்.

சுத்தியலால் ஓங்கி அடிக்கும் பழக்கம் வேண்டாம். கரித்துண்டு சிக்கியிருந்தால் லேசாகத் தட்டுவது சில நேரம் உதவும். பல்லில் இறுகிய பினியனை அடி விடுவிக்காது, மோட்டரின் உறைதான் உடையும்.

திரும்பத் திரும்ப இறுகினால்

ஒரு முறை இறுகியது தற்செயலாக இருக்கலாம். மாதத்தில் இரண்டு மூன்று முறை என்றால் காரணத்தைத் தேடவேண்டும். பெட்டரிப் பொடி வயரை முதலில் கழற்றி, பிறகு மோட்டர் வயரையும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் எடுத்து, மோட்டரை வெளியே கொண்டுவாருங்கள். பொடி வயர் முதலில் கழறவேண்டும், கடைசியில் பூட்டவேண்டும். இது மாறக்கூடாது.

பெண்டிக்ஸை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் கழுவித் துடையுங்கள். கிரீஸ் பூசவே கூடாது. கிரீஸில் கிளச் தூசி ஒட்டிப் பசைபோலாகி பினியனைப் பிடித்துவிடும். தையல் மெஷினுக்கு விடுவதுபோன்ற மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். சுருள் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, பினியன் பல் நுனி மழுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு பிளைவீல் பற்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது எங்கே வேண்டுமானாலும் நிற்பதில்லை. பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். பினியன் எப்போதும் அந்த இரண்டு இடங்களிலேயே மோதுவதால் பற்கள் அங்கேதான் தேயும். அங்கே பல் நன்றாகத் தேய்ந்திருந்தால், எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. பல்லு வளையத்தை மாற்றவேண்டும். அதற்கு இன்ஜினையோ கியர்பொக்ஸையோ இறக்கவேண்டியிருப்பதால் அது கராஜ் வேலை.

ஓட்டுபவருக்கும் ஒரு வார்த்தை. முதல் தடவை இன்ஜின் பற்றாமல் போனால் உடனே மறுபடி அழுத்தாதீர்கள். இன்ஜின் முழுவதும் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பிளைவீலில் பினியன் மோதினால் பல் உடையும், அல்லது இறுகும்.

உயிருக்கு ஆபத்தானவை

- பொனட்டுக்குள் குனிந்து ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட்டரைத் தொடுத்துக் கிளப்பாதீர்கள். வண்டி கியரில் கிடந்தால் அது முன்னால் பாயும். முன்னால் நிற்பவர்தான் அடியில் போவார்.
- ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது பெருவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள். கீழிருந்து மேலே இழுங்கள். இன்ஜின் திருப்பி அடித்தால் கை முறியும்.
- டைனமோ உள்ள பழைய மைனரில் பெட்டரியின் பிளஸ் முனைதான் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். இன்றைய வண்டிகளில் மைனஸ். வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது பிளஸ் பிளஸோடும், மைனஸ் மைனஸோடும் மட்டும் சேரவேண்டும். இரண்டு வண்டிகளின் பொடியும் ஒன்றையொன்று தொடக்கூடாது.
- பெட்டரிக்குப் பக்கத்தில் தீக்குச்சி, பீடி, குப்பி விளக்கு எதுவும் வேண்டாம்.
- பிள்ளைகளைச் சரிவுப் பக்கம் நிற்கவிடாதீர்கள்.

வண்டியில் நோயாளி இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நீங்கள் வண்டியோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய நிமிடம். வண்டி நின்றவுடனேயே ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கட்டும். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கியது. அழைப்பதற்கும் ஏற்றிச்செல்வதற்கும் பணம் இல்லை. சிக்னல் இல்லாத இடமென்றால் ஒருவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நடக்கட்டும், மற்றவர்கள் ஸ்டார்ட்டரைப் பார்க்கட்டும். கார் ஸ்டார்ட் ஆனபிறகு அழைப்பை வேண்டாமென்று சொல்லிக்கொள்ளலாம்.

இளைஞர்களுக்கு

படிப்பு இடையில் நின்றுபோன தம்பிமாரும் தங்கைமாரும் இந்த வேலையைச் சின்ன வேலை என்று நினைக்கவேண்டாம். வாகன மின்வேலை தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையும், தொழிற் பயிற்சி அதிகாரசபையும் வாகனத் தொழிலில் பயிற்சி கொடுக்கின்றன. கராஜில் வேலை பார்த்தே தொழில் கற்றவர்களும் தம் திறமையைச் சோதனையில் காட்டி தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். கையில் தொழில் இருந்தும் காகிதம் இல்லாத காரணத்தால் குறைந்த சம்பளத்தில் நிற்பவர்கள் நம்மில் பலர். விவரம் வேண்டியவர்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள்.

பயிற்சிக் கேள்விகள்

1. ஸ்டார்ட்டரை அழுத்தும்போது லைட் மங்கினால் என்ன அர்த்தம்? மங்காவிட்டால் என்ன அர்த்தம்?
2. சரிவில் நிற்கும் வண்டியை ஏன் ஆட்டக்கூடாது?
3. பெண்டிக்ஸுக்குக் கிரீஸ் ஏன் ஆகாது?
4. பெட்டரியைக் கழற்றும்போது எந்த வயர் முதலில்?

வீட்டில் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லிப் பாருங்கள். வண்டி ஓட்டும் அப்பாவுக்கு மட்டுமல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து போகும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பதில்கள் தெரிந்திருக்கட்டும்.