பட்டை மருந்து: வாங்கும்போதும் காய்ச்சும்போதும்

1. இலவங்கப்பட்டை என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் காசியா. தடித்து, ஒற்றைச் சுருளாக, உடைக்கச் சிரமமாக இருக்கும். இலங்கைப் பட்டையோ காகிதம்போல் மெலிது. பல ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும். காசியாவில் கூமரின் அதிகம். அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு. பிரியாணிக்கு ஒரு துண்டு போடப் பயமே வேண்டாம். சர்க்கரை குறையும் என்று தினமும் கரண்டிக் கணக்கில் பொடி சாப்பிடுகிறவர்கள் இலங்கைப் பட்டைக்கு மாறுங்கள். பட்டை சர்க்கரையைக் குறைக்குமா என்ற ஆய்வுகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

2. ஈறு வீங்கினால், கருவேலம்பட்டையை நசுக்கிக் கொதிக்கவைத்து, பாதியாகச் சுண்டியதும் வடிகட்டி வாய் கொப்பளிக்கலாம். விழுங்க வேண்டாம். அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின், புரதத்தோடு சேர்ந்து ஈறை இறுகச் செய்கிறது. தோல் பதனிடுவதும் இதே டானினால்தான். ரத்தக் கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

3. பட்டையை முழுத் துண்டாகவே நிழலில் உலர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது.

4. அசோகப்பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டையை விற்பது நெடுநாள் கலப்படம். தெருவோரம் நெடுநெடுவென நிற்பது நெட்டிலிங்கம். மருந்துக்கான அசோகமோ செம்மஞ்சள் பூக்கொத்து பூக்கும் வேறு மரம். நம்பகமான சித்த மருந்தகத்தில் மட்டும் வாங்குங்கள்.

5. மருதம்பட்டையைப் பாலில் காய்ச்சி இதயத்துக்குக் கொடுப்பது பழைய வழக்கம். நெஞ்சுவலிக்காரர்களிடம் நடந்த சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அவை போதாது. பட்டையின் வீரியம் மரத்துக்கு மரம் மாறும். மலேரியாவுக்குக் கொடுத்த சிங்கோனா பட்டையிலும் இதே சிக்கல்தான். 1820இல் பெல்லெட்டியே, கவாந்து என்ற பிரெஞ்சுக்காரர்கள் அதிலிருந்து குயினைனைத் தனியே பிரித்த பிறகே மலேரியாவுக்குத் திட்டமான அளவில் மருந்து கொடுக்க முடிந்தது. ரத்த அழுத்தத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் மருதம்பட்டையைத் தொடாதீர்கள்.

6. அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டை உரித்தால் மரமே பட்டுப்போகும். இலை சமைத்த உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலுக்காக அமெரிக்காவில் பசிபிக் யூ மரங்கள் இப்படித்தான் மாண்டன. பின்னர் ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து அதைத் தயாரிக்க வழி கண்டார்கள். வீட்டு மரமானாலும் கழித்த கிளையிலிருந்து மட்டும் பட்டை எடுங்கள். அடிமரத்தில் கத்தி வைக்காதீர்கள்.