விண்மீன் திரள்களைச் சூழ்ந்த வாயு

காண்டலுக்கு எட்டாத பொருளைக் கருதலாற் றுணியுங்கால், காட்டிய ஏது பிறிதொன்றனாலும் நிகழக்கூடியதன்று என நிறுவுதல் வேண்டும். வானநூலார் இந்நெறியிற் பட்ட பாட்டை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

விண்மீன் திரள் ஒவ்வொன்றும் ஒளிவிடும் எல்லைக்குப் புறத்தே நுண்ணிய வாயுப் போர்வையுடைத்து. நமது திரளுக்கு அஃதுண்டென 1956இல் ஸ்பிட்ஸர் என்பார் கூறினார். பின்னர், குவேசர் எனப்படும் மிகச் சேய்மைச் சுடர்களின் நிறமாலையிற் கரிய கோடுகள் தோன்றின. இடைவழியிலுள்ள திரள்களின் வாயு அவ்வொளியை விழுங்கியதே காரணமென 1969இல் பாகாலும் ஸ்பிட்ஸரும் உரைத்தனர்.

அற்றேல், அவ்வாயு குவேசரே உமிழ்ந்ததாகலாகாதோ வெனின், இக்கடா எளிதில் தள்ளற்பாலதன்று. சில குவேசர்களில் அங்ஙனம் நிகழ்தலும் மெய்யே. ஆதலின் கரிய கோடு மாத்திரையே அநைகாந்திக ஏதுவாம். 1986இல் பெர்ஜரோன் என்னும் அம்மையார், குவேசருக்கு அணித்தாய்த் தோன்றும் திரளொன்றின் செம்பெயர்ச்சியும், மக்னீசியக் கோட்டின் செம்பெயர்ச்சியும் ஒன்றேயாதல் கண்டார். அதன் பின்னரே கருதல் வலிபெற்றது.

இனி, ஆதிகாலத்துத் திரள்களைப் பற்றியது. ஹைட்ரஜனின் சிறப்பொளி 121.6 நானோமீட்டர் அலைநீளமுடையது; நமது காற்றுமண்டலம் அதனை விடுவதில்லை. உலகம் தோன்றி ஏறக்குறைய 210 கோடி ஆண்டளவிற் புறப்பட்ட ஒளியோ, பிரபஞ்சம் விரிந்தமையால் நான்மடங்கு நீண்டு, 486 நானோமீட்டராய்க் கண்ணுக்குப் புலனாம் நீலப்பசுமையில் வந்தடைகின்றது. அண்மையது மறையச் சேய்மையது தோன்றுதல் வியப்பே! சிலி நாட்டுப் பரணால் மலையில் 2014இல் அமைத்த மியூஸ் என்னுங் கருவி, அக்காலத்துத் திரள்கள் பலவற்றைச் சூழ்ந்த மங்கிய ஒளிவட்டங்களைக் காட்டிற்று. 2016இல் அச்செய்தி வெளிவந்தது.

கருதல் காண்டலாயிற்று என்று சிலர் மகிழ்ந்துரைப்பர். நாம் அத்துணை விரையோம். அவ்வொளி வாயுவினிடத்தே பிறந்ததாகலாம். திரளினின்று போந்து வாயுவிற் பட்டுச் சிதறியதாகவுமாம். ஆதலின் வாயு உண்மை பெறப்படுமன்றி, அதன் போக்கு இன்னதென அவ்வொளியால் மட்டும் துணியப்படாது. போக்கிற்கு ஏது வேறிடத்தது. பழைய வாயுவின் கோடுகளுட் கரியின் கோடுமுண்டு. உலகத் தோற்றத்தில் உண்டானவை ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிது லித்தியமுமே; கரி விண்மீன்களின் உள்ளே சமைந்தது. ஆகவே விண்மீன்களிற் சமைந்த பொருள் திரளைவிட்டுப் புறம்போந்தமை தெளிவு.

உட்புகும் வாயுவோ காண்டற்கு மிக அரிது. திரள்கள் தம்பாலுள்ள வாயு செலவாதற்குரிய காலத்தைக் கடந்தும் விண்மீன்களை ஈனுதலின், புறத்தினின்று வரவுண்டென அருத்தாபத்தியாற் கொள்ளப்படுகின்றது. அருத்தாபத்தியைக் கருதலுள் அடக்குவார்க்கு இதுவும் கருதலேயாம்.