இந்தியச் செவிலியர் சங்கத்தின் தொடக்கம்

கேள்வி: இந்தியாவில் செவிலியர்கள் தமக்கென ஒரு சங்கத்தை எப்போது, எதற்காக அமைத்தனர்?
– வாசகர், எட்டயபுரம்

பதில்: சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபின் பிற மாகாணங்களிலும் பயிற்சிப் பள்ளிகள் தோன்றினவாயினும், பாடமும் தேர்வும் இடத்துக்கு இடம் வேறுபட்டமையால், முறையாகப் பயின்றவரை மற்றவரிடமிருந்து பிரித்தறியப் பொதுவான அளவுகோல் இல்லாதிருந்தது. செவிலியர் கண்காணிப்பாளர்கள், அதாவது மருத்துவமனையின் செவிலியர் பணி முழுவதையும் மேற்பார்க்கும் தலைமைச் செவிலியர்கள், 1905-இல் லக்னோவில் ஒரு சங்கம் அமைத்தனர். அது அப்பதவியினருக்கே உரியதாக இருந்தமையால், பயிற்சி பெற்ற செவிலியர் அனைவரும் கூடிக் கலந்து பேசவும் தொழிலின் மதிப்பைக் காக்கவும் 1908-இல் மற்றொரு சங்கம் உருவாயிற்று. 1910-இல் செவிலியர்க்கான இதழ் வெளிவரத் தொடங்கியது. 1912-இல் உலகச் செவிலியர் பேரவையுடன் தொடர்பு ஏற்பட்டது. 1922-இல் இரு சங்கங்களும் இணைந்து இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கமாயின.

முன்பு இல்லாதிருந்த அந்தப் பொதுவான அளவுகோலுக்கு வழி, தகுதி பெற்றவரின் பெயரைச் சட்டப்படி ஏட்டில் பதியும் முறை; இது பதிவு எனப்படும். இதற்கெனச் சென்னை மாகாணம் 1926-இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல் வந்தது. ஏவல் வேலையாக இகழப்பட்ட நோயாளர் பராமரிப்பு, கல்வியும் பொறுப்பும் உடைய தொழிலாக மதிக்கப்பட்டதில் செவிலியர் சங்கத்தின் பங்கு நன்றியோடு நினைக்கத்தக்கது.