மோட்டார் எஞ்சினின் புகைவெப்பம் அளத்தல்

எம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், தம் டீசல் ஜீப்பிலிருந்து கழற்றிய பிஸ்டன் ஒன்றைச் செய்தித்தாளிற் பொதிந்து எம் பௌதிகப் பரிசோதனைச் சாலைக்குக் கொணர்ந்தார். அதன் தலைப்புறத்தின் ஒரு விளிம்பு மெழுகு போலக் கரைந்து வழிந்திருந்தது. "ஐயா, புகையின் வெப்பத்தைக் காட்டும் கருவியைப் பொருத்தித்தான் மலையேறினேன், முள் 600-ஐத் தாண்டவேயில்லை. கருவி பொய் சொல்லிற்றா?" என வினவினார். வண்டியைக் கொணர்வித்துப் பார்த்தோம். கருவியிற் குறையில்லை. அதன் முனை இருந்த இடமும், அதன் கம்பிகள் நீட்டப்பட்ட விதமுமே பிழை. அவ்விரண்டையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

புகையின் வெப்பத்தை அளப்பது எதன் பொருட்டு? டீசல் எஞ்சினில் உள்ளே புகும் காற்றுக்குத் தடுப்பு இல்லை. ஊட்டும் எண்ணெயின் அளவே அதன் வலிமையை ஆளுகிறது. எண்ணெய் மிகுந்து காற்றுப் போதாதாயின், எரிதல் நீண்டு, வெளியேறும் புகை மேன்மேலும் சூடேறும். எம் மாணவரோ வேகத்தை விரும்பி, பம்பில் எண்ணெயின் அளவைக் கூட்டியிருந்தார். டர்போவுக்கு முன்னே புகை 700 டிகிரி சென்டிகிரேடு அளவில் நெடுநேரம் நிற்றல் ஆகாது என்பது டீசல் வண்டி ஓட்டுவோர் பலர் கைக்கொள்ளும் விதி. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகுமே, 700-இற் பிஸ்டன் எங்ஙனம் பிழைக்கிறது என மாணாக்கர் கேட்டல் கூடும். கொதிக்கும் வாயு அதனைத் தீண்டுவது சிறிது நேரமே. அடுத்து வரும் குளிர்ந்த காற்றும், அடியில் தெறிக்கும் எண்ணெயும், சிலிண்டர்ச் சுவரிற் படியும் வளையங்களும் அவ்வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. வரவு இச்செலவை மிஞ்சும்போதே கேடு விளைகிறது.

இனி, கருவியின் தன்மையைக் கூறுவோம். 1821-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் சீபெக் என்பார், வேறுவேறான இரு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்தியை மட்டும் சூடாக்க, அருகிலிருந்த காந்தமுள் திரும்புதலைக் கண்டார். அவர் அதனை வெப்பத்தால் விளைந்த காந்தமென்றே கருதினார். மின்னோட்டமே முள்ளைத் திருப்பியதென ஊர்ஸ்டெட் தெளிவித்தார். தெர்மோகப்பிள் எனும் வெப்ப மின்னிரட்டை அவ்வளையத்தின் வழித்தோன்றலே. மோட்டார் வண்டிக்கு வழங்குவது 'கே' வகை. அதன் ஒரு கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்த குரோமெல். மற்றது நிக்கலுடன் சிறிது அலுமினியம் முதலியன கலந்த அலுமெல். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்டு இதிற் பிறக்கும்.

இங்கு ஒன்றை மறத்தல் கூடாது. மின்னிரட்டை தன் சூடான முனையின் வெப்பத்தை உரைப்பதில்லை. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வேற்றுமையையே உரைக்கிறது. பரிசோதனைச் சாலையில் குளிர்முனையைப் பனிக்கட்டியில் வைக்கிறோம். வண்டியில் பனிக்கட்டி ஏது? ஆதலின் முள் உள்ள பெட்டி, தன்னிடத்து வெப்பத்தைத் தானே அறிந்து, அதற்குரிய வோல்ட்டைக் கூட்டிக்கொள்கிறது. கம்பிகள் குரோமெல்லும் அலுமெல்லுமாகவோ, அவற்றுக்கு ஒத்த நீட்டுக்கம்பியாகவோ பெட்டி வரை சென்றால் மட்டுமே இக்கணக்குச் சரியாகும்.

எம் மாணவரின் மெக்கானிக், கம்பி எட்டாமையால், எஞ்சினுக்கருகே சாதாரணச் செம்புக்கம்பியை முறுக்கி நீட்டிவிட்டார். உடனே குளிர்முனை அம்முறுக்குக்கு வந்துவிட்டது. அவ்விடம் 95 டிகிரி. பெட்டி இருந்த இடமோ 30. முனையில் மெய்யாக 600 இருப்பின் 24.9 மில்லிவோல்ட்டு பிறத்தல் வேண்டும். 95-க்கு உரிய 3.9 அதிற் கழிய, பெட்டி 30-க்கு உரிய 1.2-ஐக் கூட்ட, 22.2 நிற்கும். அதற்குரிய வெப்பம் 537. அறுபது டிகிரிக்கு மேல் ஒளிந்துகொண்டது! எஞ்சின் எத்துணைச் சூடேறுகிறதோ அத்துணை மிகுதியாக இக்கருவி குறைத்துக் கூறும் என்பதே இதிற் கொடுமை.

இரண்டாம் பிழை இடம். துளையிடல் எளிதென்று, டர்போவுக்குப் பின்னுள்ள புகைக்குழாயில் முனையைச் செருகியிருந்தனர். டர்போவின் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குரிய விலையை வாயு தன் வெப்பத்தாலேயே தருகிறது. பெருஞ்சுமையில் 100 முதல் 200 டிகிரி வரை அதனாற் குறைதல் உண்டு. இரு பிழைகளையும் கூட்டினால், முள் 590 காட்டியபோது மேனிபோல்டில் 750-க்குக் குறையாதிருந்திருக்கும்.

ஆகவே முனையை மேனிபோல்டிலேயே, சிலிண்டர்களின் வழிகள் ஒன்றுகூடி டர்போவை அடையும் இடத்திற் பொருத்தினோம். ஒரு சிலிண்டரின் வழியில் வைத்தால் அதன் செய்தி மட்டுமே கிட்டும். மேனிபோல்டைக் கழற்றாமலே, துளைக்கருவியிற் கிரீஸ் தடவித் துளைத்துவிடலாம் என்பாருமுளர். யாம் அதற்கு இசையோம். உள்ளே விழும் இரும்புத்துகள் ஒன்று போதும், டர்போவின் இதழ்களைச் சிதைக்க. கழற்றிய மேனிபோல்டில், போல்ட்டுகளுக்கும் விளிம்புக்கும் விலகிய தடித்த பகுதியிற் புள்ளியிட்டு, முதலிற் சிறு துளையும் பின்னர் எட்டரை மில்லிமீட்டர்த் துளையும் இட்டோம். அரைக்கால் அங்குலக் குழாய்மரைக்கு அவ்வளவே தேவை. இம்மரை வாய் அகன்று அடி குறுகியது. டேப்பை அளவுக்கு மிஞ்சி இறக்கினாற் பிடி தளர்ந்துவிடும். வார்ப்பிரும்பு முரட்டுத்தனத்தைப் பொறாது. அரைச்சுற்று முன்னும் காற்சுற்றுப் பின்னுமாகத் திருப்புதல் நலம்.

முனை வழியின் நடுவே நிற்கவேண்டும்; சுவரை ஒட்டி நின்றாற் குறைவாகவே காட்டும். நட்டை முறுக்க, உள்ளிருக்கும் சிறு வளையம் கோலைக் கவ்வும்; ஒருமுறை கவ்வியபின் அது நகராது. எனவே நீளத்தை முன்னரே அளந்து குறித்தல் வேண்டும். மரைக்கு வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுற்றும் வழக்கம் இங்கு உதவாது; அது 327 டிகிரியிலேயே உருகும். நிக்கல் கலந்த பசையைத் தடவினோம். கம்பிகளை இணைக்குமிடத்தும் எச்சரிக்கை வேண்டும்: அமெரிக்க முறையில் மஞ்சளுறை நேர்முனை, சிவப்புறை எதிர்முனை. சிவப்பை நேரெனக் கொள்ளும் எம் கைப்பழக்கம் இங்கே ஏமாற்றிவிடும். உறை உரிந்துபோயின் காந்தத்தை நீட்டுக; அலுமெல் ஒட்டும், குரோமெல் ஒட்டாது.

பெட்ரோல் எஞ்சின் உடையார்க்கு ஒரு சொல். அதில் இக்கருவியை வேறுவகையாகப் படித்தல் வேண்டும். பெட்ரோல் மிகுந்தாலும் புகை குளிரும், காற்று மிகுந்தாலும் குளிரும். இடைப்பட்ட சமநிலையிலேயே சூடு உச்சம். பொறி பிந்தினாற் புகை சூடேறும். மிக முந்தினால், எஞ்சினிற் 'டக்டக்' என்னும் தட்டல் எழுந்து பிஸ்டனைக் கெடுக்கும்போதும் புகை குளிர்ந்தே காணும். முள் தாழ்ந்திருத்தல் ஒன்றே அங்கு நலத்துக்குச் சான்றாகாது.

ஜீப்புக்குப் புதிய பிஸ்டன் வந்தது. கம்பிகள் இப்பொழுது ஒரே உலோகமாகப் பெட்டி வரை செல்கின்றன. முதல் நாள் அதே மலைப்பாதையின் பாதியிலேயே முள் 740-ஐத் தொடக் கண்டு, வண்டியை நிறுத்தி, பம்பில் எண்ணெயின் அளவைக் குறைத்தோம். மறுநாள் உச்சி வரை 680-க்கு மேற் செல்லவில்லை. வண்டி முன்போல் விரைவதில்லை என்று உரியவர் இன்றளவும் குறைகூறி வருகிறார்.